காயம் ஏன் வீங்குகிறது, எப்படி ஆறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீட்டிலும் வேலையிடத்திலும் படும் வெட்டு, சிராய்ப்பு, சுளுக்கு, சூடு ஆகியவற்றைப் பற்றி நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. காயம் பட்ட அன்றே வீங்கினால் உடல் வேலை செய்கிறது என்று பொருள். குறைந்துவந்த வீக்கம் நான்காம் நாள் மறுபடி ஏறினால் ஏதோ கோளாறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நாள் கணக்குதான். அதனால் காயம் பட்ட தேதியையும் நேரத்தையும் கைப்பேசியில் குறித்துவையுங்கள்.

கத்தி பட்ட இடம் ஏன் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறது?

காயத்துக்கு உடல் காட்டும் இந்த எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். அதன் அடையாளங்களான சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கையும் 1ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். அந்த உறுப்பைப் பயன்படுத்த முடியாமல் போவது என்ற ஐந்தாவது அடையாளம் பிற்காலத்தில் சேர்ந்தது. நான்குக்கும் வேர் ஒன்றே: ரத்தக்குழாய்கள் விரிந்து கசிவது.

வெட்டுப்பட்டதும் குழாய் சில நிமிடங்கள் தானாகச் சுருங்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வந்து ஒட்டி அடைப்பாகும். அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழை வலைபோலப் பின்னிக்கொள்ளும். பின்னால் பொருக்காக உலர்வது பெரும்பாலும் இந்த வலைதான். ரத்தம் நின்றதும் நிலைமை தலைகீழாகிறது. தோலடியில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும்; சிதைந்த செல்களின் சவ்விலிருந்து புரோஸ்டகிளாண்டின் உருவாகும்; ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிராடிகினின் பிறக்கும். குழாய் விரிந்து ரத்தம் கூடுதலாக வருவதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு விழுந்து நீரும் புரதமும் கசிவதால் வீக்கம். பிராடிகினின் நரம்பு முனையைத் தூண்ட, புரோஸ்டகிளாண்டின் அந்த முனையை இன்னும் கூருணர்ச்சி உள்ளதாக்க, வலி.

அந்த இடுக்கு வழியாகத்தான் வெள்ளணுக்கள் வெளியே வருகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள். சில மணி நேரத்திலேயே வந்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டி, கிருமிகளை விழுங்கிச் சாகும். இரண்டாம், மூன்றாம் நாள் மேக்ரோஃபேஜ்கள் பொறுப்பேற்கும். செத்த நியூட்ரோஃபில்களையும் சிதைந்த திசுவையும் அள்ளித் தின்பதோடு, 'இனிக் கட்டத் தொடங்கலாம்' என்ற வேதிச் சைகையை அனுப்புவதும் இவைதான். மேக்ரோஃபேஜ் சரியாக வேலை செய்யாத காயம் ஆறாது. வெள்ளணுக்கள் காயத்தைத் தேடிவருவதைக் கண்கூடாகக் காட்டியவர்களில் ஒருவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908இல் நோபெல் பரிசு பெற்றார். காலில் முள் தைத்து மறுநாள் அந்த இடம் தடித்திருந்தால், உங்கள் காலில் நடப்பதும் அதே காட்சிதான்.

இது சாதாரண வீக்கமா, செப்டிக் ஆகிவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

போகும் திசையைப் பாருங்கள். சாதாரண அழற்சி இரண்டாம் நாளோடு உச்சம் தொட்டு, மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சிவப்பும் காயத்தின் ஓரத்தை ஒட்டியே நிற்கும். தொற்று இருந்தால் 48 மணி நேரம் கழிந்த பிறகு வலி கூடும், சிவப்பு பரவும், துடிக்கும், நாற்றமடிக்கும், தடித்த சீழ் வரும்.

நிறம் மாறியிருக்கும் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தை எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். மருத்துவக் குறிப்புகளில் உள்ள 'சிவப்பு' பெரும்பாலும் வெளிர்தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அது ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. ஆகவே தொட்டுப் பாருங்கள்: புறங்கையைக் காயத்தருகே வைத்து, பிறகு மறு கை அல்லது காலின் அதே இடத்தில் வையுங்கள். சூட்டு வித்தியாசம், தோல் இறுகிப் பளபளப்பது, அழுத்தினால் வலிக்கும் பரப்பு, இவை கண்ணைவிட நம்பகமானவை.

அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால், காயத்திலிருந்து வடியும் நிணநீரை அந்த முடிச்சுகள் வடிகட்டுகின்றன என்று பொருள். லேசாகக் கட்டிச் சில நாளில் வடிந்தால் பயமில்லை. காயத்திலிருந்து நெறி வரை செங்கோடு ஓடினாலோ, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். காயத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, வேகமாகப் பரவும் கருமை, குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு இருந்தால் 995ஐ அழையுங்கள்.

புண்ணிலிருந்து மஞ்சளாக வடிவது சீழ்தானே?

எப்போதும் இல்லை. முதல் சில நாள் தெளிவாகவோ வெளிர்மஞ்சளாகவோ வரும் மெல்லிய நீர், குழாயிலிருந்து கசிந்த பிளாஸ்மா. புண்ணின்மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஏடு, ஃபைப்ரினும் செத்த செல்களும். நகத்தால் சுரண்டக் கூடாது. கெட்டியாக, பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றத்தோடு வந்தால்தான் சீழ். அடியில் சிவப்புப் பொடிமணிபோல் தெரிவது புதிய ரத்தக்குழாய் முளைக்கும் சதை. நல்ல அறிகுறி, தொட்டால் ரத்தம் வரும், பதற வேண்டாம்.

காயத்தை எதால் கழுவுவது? டெட்டால், மஞ்சள் மருந்து, மஞ்சள்தூள், காப்பித்தூள்?

குழாய்த் தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய் நீர் குடிக்கத் தகுந்தது, காயம் கழுவவும் போதும். முதலில் உங்கள் கையைச் சோப்பால் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்த்தால் ஒட்டிய அடைப்பு பிய்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நின்றபின் 5 முதல் 10 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். மணல், சிமெண்ட் துகள் எல்லாம் வெளியேற வேண்டும். உள்ளே தங்கும் ஒவ்வொரு துகளும் கிருமிக்கு ஒளிவிடம், பிறகு தோலுக்கடியில் நீலக்கறையாகவும் நிற்கும். உள்ளே ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். அதுவே குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்து, ஓரத்திலிருந்து ஊர்ந்துவரும் புதிய செல்களையும் கொல்லும். பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து 'அழுக்கு போகிறது' என்று நினைக்கிறோம். நம் சொந்த ரத்தத்திலும் திசுவிலும் உள்ள நொதி பட்டாலே அப்படி நுரைக்கும். பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் இருக்கும் அக்ரிஃபிளேவின் மஞ்சள் மருந்தைச் சாதாரணச் சிராய்ப்புக்குத் தேட வேண்டிய தேவையே இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்று ஆய்வகங்கள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. அதன் நிறமோ தொற்றின் சிவப்பை மறைத்துவிடும். காப்பித்தூளுக்கு அந்த அரைகுறை நியாயம்கூட இல்லை.

புண்ணைக் காற்றாட விட்டால்தானே காயும்?

காயும், ஆனால் ஆறுவது தாமதமாகும். 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சோதித்துக் காட்டினார்: ஈரம் காத்து மூடிய புண்மேல் தோல் படர்ந்த வேகம், திறந்துவிட்ட புண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. காரணம் எளிது. புதிய தோல் செல்கள் ஓரத்திலிருந்து ஈரத் தரையில் வழுக்கிவரும். பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் சுரங்கம் தோண்டி வர வேண்டும்.

ஆகவே மெல்லிய பூச்சாக வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடி, தினம் ஒருமுறை மாற்றுங்கள். இங்குள்ள காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வியர்வையில் ஊறிய கட்டு வேறு விஷயம்: அது சுற்றியுள்ள நல்ல தோலை வெளுத்து நைந்துபோக வைக்கும். கட்டு நனைந்தால், அழுக்கானால், ஓரம் பிரிந்தால் அப்போதே மாற்றுங்கள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர் மதியம் ஒன்று, இரவு ஒன்று என மாற்றுப் பிளாஸ்டர் வைத்திருப்பது நல்லது.

தையல் எத்தனை நாளில் பிரிப்பார்கள்? பிரித்ததும் பாரம் தூக்கலாமா?

முகத்தில் 5 நாள் அளவு, தலையில் 7 முதல் 10, கைகாலில் 10 முதல் 14, மடங்கும் மூட்டுகளின் மேல் 14 நாள். தோல் மூடியிருப்பதைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். மூன்றாம், நான்காம் நாளிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், தோலுக்கு வலுத்தரும் புரத இழையான கொலாஜனை நெய்யத் தொடங்கும். முதலில் நெய்வது அவசரத்துக்கான மூன்றாம் வகைக் கொலாஜன். அதைப் பிரித்து, கெட்டியான முதல் வகையை இழுவிசைக்கேற்ப அடுக்குவது மாதக்கணக்கில் நடக்கும். ஒரு வாரத்தில் தழும்பின் வலு பழைய தோலில் 100க்கு 3 பங்கு அளவுதான். மூன்றாம் வாரத்தில் 20 முதல் 30. மூன்று மாதத்தில் 80 வரை வரும், அதற்கு மேல் ஏறாது. வயிற்றில் அறுவை செய்துகொண்டவரிடம் 6 வாரத்துக்குப் பாரம் தூக்காதீர்கள் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். மேல்தோல் மூடியதும் அரிசி மூட்டையைத் தூக்கியவருக்கு உள்ளே விரிந்து குடலிறக்கம் வரலாம்.

கணுக்கால் பிசகிவிட்டது. ஐஸா, கோடாலித் தைலமா, உருவிவிடுவதா?

முதலில் எலும்பைப் பாருங்கள். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முண்டு எலும்பின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள் அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை.

முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு, மூன்று நாள் உருவிவிட வேண்டாம். கிழிந்த நுண்குழாய்கள் அப்போதுதான் அடைபட்டிருக்கும். அழுத்தித் தேய்த்தால் மறுபடி கசிந்து ரத்தக்கட்டு பெருகும். சூடான ஒத்தடமும் அந்த நாட்களில் அதே தவறுதான். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வலி மரக்கும். அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற விதியை 1978இல் பரப்பிய டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் திருத்திக்கொண்டார். மீள்கட்டு (இழுபடும் துணிக்கட்டு) கட்டி, படுக்கும்போது காலை நெஞ்சைவிட உயரத்தில் வையுங்கள். இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து, வலி அனுமதிக்கும் அளவுக்கு, கால்விரலால் எழுத்து எழுதுவதுபோல் கணுக்காலை அசையுங்கள். மெதுவான இழுவிசைதான் புதிய கொலாஜன் இழைகளை ஒரே திசையில் அடுக்குகிறது. அசையாமல் கிடந்த கணுக்கால் விறைத்து, மறுபடி மறுபடி பிசகும்.

கோடாலித் தைலத்தின் மெந்தால் குளிர்ச்சி உணர்வைக் கிளப்பி வலியை மறக்கச் செய்யும். கிழிந்த நாரை ஒட்டவைக்காது. தோல் உரிந்த இடத்தில் தடவக் கூடாது.

வீக்கத்துக்கு மாத்திரை போட்டால் ஆறுவது தள்ளிப்போகுமா?

ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை புரோஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும். ஆஸ்பிரின் அப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். இரண்டு, மூன்று நாள் சாப்பிடுவதால் சாதாரணக் காயத்துக்குக் கெடுதி வராது. தேவையின்றி வாரக்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் ஆபத்து. வலிக்கு மட்டும் என்றால் பனடோல் முதல் தேர்வு: 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது, கல்லீரல் நோய் இருந்தால் அதற்கும் குறைவு.

இந்த ஊரில் மறக்கக் கூடாத ஒன்று: அடிபட்ட உடல்வலியோடு காய்ச்சலும் இருந்து டெங்கி என்று சிறு சந்தேகம் இருந்தாலும் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் தொடாதீர்கள். டெங்கியில் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும். மிஞ்சியவற்றையும் இந்த மாத்திரைகள் முடக்கிவிடும்.

நீரிழிவு இருந்தால் புண் ஏன் ஆறுவதில்லை?

ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் அடி விழுகிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் நியூட்ரோஃபில்கள் மந்தமாகும். குறுகிய ரத்தக்குழாய் வழியாக ஆக்சிஜன் போதவில்லை. அது இல்லாமல் கொலாஜனை நெய்ய முடியாது. நரம்பு மரத்துவிட்டதால் காயம் பட்டதே தெரியாது. இவற்றோடு, துப்புரவு வேலையை முடித்து, புதுத் திசு கட்டும் வேலைக்கு மாற வேண்டிய மேக்ரோஃபேஜ் மாறாமல் அழற்சியிலேயே நின்றுவிடும். மற்றவருக்கு மூன்று வாரத்தில் ஆறுவது இவருக்கு மூன்று மாதமாகும், அதற்குள் எலும்பு வரை புரையோடிவிடலாம்.

சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. இங்கே சீனரைவிட இந்தியரிடையே இந்நோய் அதிகம். ஆகவே வீட்டில் ஒருவருக்காவது இது பொருந்தும் என்று எண்ணிப் படியுங்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். ஜப்பான் சிலிப்பர் வார் உரசும் இடத்தில்தான் பல புண்கள் தொடங்குகின்றன. நண்பகலில் கோயில் வெளிப்பிராகாரக் கல் மரத்துப்போன காலைப் பொசுக்கிவிடும், வலி வராது. காலையிலோ மாலையிலோ போங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். காலில் எந்தப் புண் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். நான்கு வாரத்தில் பாதியாகச் சுருங்காத புண்ணுக்குக் கால்பராமரிப்பு நிபுணரும் ரத்தவோட்டச் சோதனையும் தேவை.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சிங்கப்பூர் மண்ணில் மெலியோய்டோசிஸ் நோய்க் கிருமி இருக்கிறது. சேற்றுநீர் வழியாகக் காயத்தில் புகும். நீரிழிவு உள்ளவரை அதிகம் தாக்கும். தோட்டம், சாக்கடை, கட்டுமான வேலையில் மூடிய பூட்ஸ் அணியாமல் சேற்றில் இறங்கக் கூடாது.

பத்தியமா? முட்டை, கோழி, மீன் கூடாதா?

நல்லெண்ணத்தில் செய்யும் பெருந்தவறு இது. கொலாஜன் புரதம், புரதம் இல்லாமல் வராது. பெரிய புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடைக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ரசஞ்சோறும் பிரெட்டும் மட்டும் கொடுத்தால் பாதியைக்கூட எட்டாது. மலாய் அண்டை வீட்டார் ஹாருவான் என்று கொண்டுவந்து கொடுக்கும் மீன் நம் விரால்தான். சூப்பை மட்டும் குடித்துச் சதையை ஒதுக்காதீர்கள், புரதம் சதையில்தான் இருக்கிறது. சைவர்களுக்குப் பருப்பு, தவ்கூவா, தயிர், சுண்டல். கொலாஜன் இழைகள் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும், ஒரு கொய்யா போதும். இறாலோ முட்டையோ ஒவ்வாமை இருந்தால் மட்டும் விலக்குங்கள். சிறுநீரக நோய் உள்ளவர் புரத அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே கூட்ட வேண்டும். விலக்க வேண்டியது சிகரெட்: நிகோட்டின் குழாயைச் சுருக்கும், கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கும்.

தைப்பூசத்தில் அலகு குத்திய இடம் எப்படி அவ்வளவு சீக்கிரம் மூடுகிறது?

மெல்லிய, வழவழப்பான வேல் திசுவை வெட்டி எடுப்பதில்லை, இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. எடுத்ததும் அவை திரும்பச் சேரும். கன்னத்திலும் நாக்கிலும் ரத்தவோட்டம் மிக அதிகம், வாய்க்குள் தழும்பும் அரிது. சிராங்கூன் ரோட்டிலிருந்து டாங்க் ரோடு வரை நடந்து வந்தபின், துளையைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். திருநீற்றை நெற்றியில் இடுங்கள், துளைக்குள் திணிக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவரும் நீரிழிவு கட்டுப்படாதவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

சூடுபட்டால்?

ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. மூன்று மணி நேரம் வரை தாமதமானாலும் பலன் உண்டு. மோதிரம், வளையல் வீங்குமுன் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, இட்லி மாவு, சோயா சாஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் மேல்தோல்தான் சிறந்த கட்டு.

தழும்பு தடித்துக்கொண்டே போகிறது, கறுத்தும் இருக்கிறது.

காயத்தின் எல்லைக்குள் தடித்தால் ஓராண்டு, ஈராண்டில் தணியலாம். எல்லையைத் தாண்டி வளர்ந்தால் கீலாய்டு. கருந்தோலினருக்கு அதிகம் வரும், குறிப்பாகக் காதுமடல், நெஞ்சின் நடு, தோள். அறுத்தெடுத்தால் மட்டும் போதாது, பெரிதாகத் திரும்ப வரும். ஸ்டெராய்டு ஊசியோடு சேர்த்தே செய்வார்கள். சாதாரணத் தழும்புக்கு, புண் முழுதாக மூடியபின், சிலிக்கோன் பட்டையை நாளுக்கு 12 மணி நேரமாவது மூன்று மாதம் ஒட்டலாம். கறுப்பு வெயிலில் கூடும். துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மூடுங்கள்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் ஊசியா?

துருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் உள்ள கிருமி, காற்றுப் புகாத ஆழ்காயத்தில் வளரும். சுத்தமான சிறு காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் ஒன்று. அழுக்கான, ஆழமான காயத்துக்கு 5 ஆண்டு கடந்திருந்தால் ஒன்று. சிறுவயதில் முழுத் தவணையும் போட்டதாக உறுதியாகத் தெரியாவிட்டால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கூடுதலாக எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படலாம்.

வேலையிடத்தில் பட்ட காயத்தை முதலாளியிடம் சொன்னால் பிரச்சினை வருமா?

சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சியோ இலகுப் பணியோ கொடுக்கப்பட்டாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வொர்க் பெர்மிட் ஊழியர்களுக்கும் பொருந்தும். விபத்து யாருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கோரிக்கை வைக்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். வீட்டுப் பணிப்பெண்கள் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தனி விபத்துக் காப்பீடு உண்டு. மருத்துவரிடம் காயம் எங்கே, எப்போது, எப்படிப் பட்டது என்பதைத் தமிழிலேயே சொல்லி எழுதச் சொல்லுங்கள், மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். முதல் நாளே காயத்தைப் படம் எடுத்து, கட்டு மாற்றும்போதெல்லாம் இன்னொன்று எடுத்து வையுங்கள். வீக்கம் இறங்குகிறதா ஏறுகிறதா என்று மருத்துவருக்கும் அதிலிருந்தே தெரியும்.